வைரஸ் காய்ச்சலுக்குக் குர்குமின் மாத்திரை: டப்பாவில் இருப்பது எவ்வளவு, இரத்தத்தில் சேர்வது எவ்வளவு?

மழை தொடங்கி ஊரில் காய்ச்சல் பரவினால் போதும், மருந்துக் கடைகளின் முன்தட்டில் மஞ்சள் டப்பாக்கள் ஏறிவிடுகின்றன. 'குர்குமின் 95%', 'மிளகுச் சத்துடன்', 'இம்யூனிட்டி', 'நானோ' என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம். மஞ்சள் நம் வீட்டுப் பொருள், அதனால் கெடுதல் வராது என்ற நம்பிக்கையில் இதை யாரும் இரண்டாவது முறை யோசித்து வாங்குவதில்லை. இங்கே மதிப்பிடுவது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் சரக்கை அல்ல. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை வைத்துக் கடையில் விற்கும் பொருள்கள் நான்கு வகைக்குள் அடங்கும். அந்த நான்கையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறோம்: வைரஸ் நோய்க்கு இது மருந்தாகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வைரஸை ஒழிக்கும் மருந்து என்று நினைத்து இவற்றில் எதையும் வாங்க வேண்டாம். வீக்கம், மூட்டுவலி போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லி எடுப்பது வேறு கணக்கு. அதற்கு மூன்றாவது வகை (எண்ணெய், லெசித்தின் போன்றவை சேர்த்தது) பரவாயில்லை. சமையல் மஞ்சளை நல்லதாகப் பார்த்து வாங்குவதற்குச் செலவழிக்கும் பணம் எப்போதும் வீண் போகாது.

சோதனைக் குழாயில் வெற்றி, உடம்பில் ஏன் இல்லை?

மஞ்சளில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான் குர்குமினாய்டுகள். அதில் மூன்று அண்ணன் தம்பிகள் உண்டு: குர்குமின், டிமெதாக்ஸி குர்குமின், பிஸ்டிமெதாக்ஸி குர்குமின். மஞ்சளுக்கு நிறம் தருவது இவைதான். 1815-இலேயே இந்த நிறப்பொருளைப் பிரித்தெடுத்துவிட்டார்கள், 1910-இல் அதன் மூலக்கூறு அமைப்பும் தெரிந்துவிட்டது. ஆக, இது புதிதாகக் கண்டுபிடித்த அதிசயம் ஒன்றுமில்லை.

ஆய்வகத்தில் இதன் சாதனை பெரியது, அதை மறைக்க வேண்டியதில்லை. இன்ஃப்ளூயன்சா, ஹெபடைடிஸ் சி, ஹெர்பிஸ், டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, கோவிட் என்று வரிசையாகப் பல வைரஸ்களை வளர்ப்புத் தட்டில் குர்குமின் தடுத்திருக்கிறது. கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களில் அந்த உறையோடு ஒட்டி, வைரஸ் செல்லின் மேல் பற்றிக்கொள்வதைக் கெடுக்கிறது. ஜிகாவிலும் சிக்குன்குனியாவிலும் 2017-இல் இது தெளிவாகக் காட்டப்பட்டது.

சிக்கல் அளவில் இருக்கிறது. இந்தச் சோதனைகளில் வேலை செய்யும் செறிவு பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரோமோலார் வரை. பத்து மைக்ரோமோலார் என்பதை நமக்குப் புரியும்படி மாற்றினால், ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் சுமார் 3.7 மைக்ரோகிராம் குர்குமின். இப்போது மனித இரத்தத்துக்கு வருவோம். மிளகுச் சத்துள்ள டப்பாக்களில் '2000% கூடுதல் உறிஞ்சல்' என்று போடுகிறார்களே, அந்த எண் 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்விலிருந்து வந்தது. 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 0.006 மைக்ரோகிராம். அதோடு மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது 0.18. பெரிய ஏற்றம்தான். ஆனால் தேவை 3.7. மிளகு சேர்த்த பிறகும் இருபதில் ஒரு பங்குதான் எட்டுகிறது, அதுவும் முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொட்டுவிட்டுச் சரசரவென்று இறங்கிவிடுகிறது. ஆய்வில் கொடுத்தது 2 கிராமும் 20 மில்லிகிராமும் என்பதையும் கவனியுங்கள். கடை மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் அரை கிராமும் 5 மில்லிகிராமும்.

ஏன் சேர்வதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் சுவரும் கல்லீரலும் அதைப் பிடித்து, ஒரு சர்க்கரை அமிலத்தோடு கோத்து, வெளியேற்றத் தயாராக்கிவிடுகின்றன. மூன்றாவது, அது காரத்தைத் தாங்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் இரத்தச் சிவப்பு ஏறுகிறதே, அது குர்குமின் மூலக்கூறு காரத்துக்கு ஆட்படுவதன் அடையாளம். நம் இரத்தத்தின் காரம் மிக லேசானது, அங்கே சிவக்காது. ஆனால் சிதைவு நடக்கும். உடல் வெப்பத்தில், பி.எச். (அமில-கார அளவு) 7.2 உள்ள கரைசலில், அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு காணாமல் போய்விடுகிறது. இரத்தப் புரதங்கள் உடனிருந்தால் இந்த வேகம் குறையும், நிற்பதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. குர்குமின் தானே ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். அதனால் மருந்து தேடும் சோதனைகளில் உண்மையில் வேலை செய்யாதபோதும் 'வேலை செய்கிறது' என்று காட்டிவிடும். மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாக எழுதிய மதிப்பாய்வு இதைத்தான் எச்சரித்தது. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியை டப்பாவில் பார்த்தால், எந்த ஆய்வு, தட்டிலா மனிதரிடமா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

மனிதர்களிடம் பார்த்ததில்

எச்.ஐ.வி. நல்ல உதாரணம். சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யின் முக்கியமான நொதி ஒன்றைக் குர்குமின் தடுத்ததால், அமெரிக்காவில் 40 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை குறையவில்லை என்று 1996-இல் முடிவு வந்தது. இந்த முடிவை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

கோவிட் சமயத்தில் மகாராஷ்டிராவில் 140 நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. குர்குமின் 525 மி.கி., பைப்பரின் 2.5 மி.கி. சேர்ந்த மாத்திரை தினம் இரண்டு வேளை. ஒப்பிடும் குழுவுக்கு புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா மாத்திரை). குர்குமின் எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் சீக்கிரம் தணிந்தன, நோய் முற்றுவதும் குறைவாக இருந்தது என்று 2021-இல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அது வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தது, சிறிய ஆய்வு, ஒரே இடத்தில் நடந்தது. பலன் உண்மை என்றாலும் அதன் வழி வைரஸைக் கொல்வதாக இருக்க வாய்ப்பு குறைவு. உடம்பின் அழற்சி கட்டுமீறிப் போவதை அடக்குவதாக இருக்கலாம். ஈரானில் நானோ குர்குமினை வைத்து நடந்த சிறு ஆய்வுகளிலும் குறைந்தது அழற்சிக் குறியீடுகள்தான்.

எங்கள் பார்வையில் உண்மையான வாய்ப்பு தெரிவது கொல்கத்தாவில் நடந்த ஆய்வில். கருப்பை வாயில் எச்.பி.வி. (அங்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) தொற்று உள்ள பெண்களுக்குக் குர்குமினை விழுங்கக் கொடுக்காமல், தொற்று இருக்கும் இடத்திலேயே வைத்தார்கள். குர்குமின் கலந்த மூலிகைக் களிம்பு வைத்தவர்களில் 87.7 விழுக்காட்டினருக்குத் தொற்று நீங்கியது, குர்குமின் மட்டும் வைத்தவர்களில் 81.3, மருந்தில்லாத போலி வைத்தவர்களில் 73.3. கலவைக் களிம்பின் வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது, குர்குமின் மட்டும் தந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. எதுவும் செய்யாமலே நான்கில் மூன்று பேருக்குச் சரியாகிறது என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. ஆனாலும் வழி சரி: குடலையும் கல்லீரலையும் சுற்றாமல், வைரஸ் இருக்கும் தோல், தொண்டை, சளிச்சவ்வுக்கே மருந்தைக் கொண்டுபோவது. நீல ஒளி பட்டால் குர்குமின் வைரஸை இன்னும் வேகமாகச் சிதைக்கிறது, உணவிலும் மேற்பரப்புகளிலும் அதை வைத்துச் சோதனைகள் நடக்கின்றன. இந்தக் கூறு எதிர்காலத்தில் மருந்தானால் அது விழுங்கும் மாத்திரையாக இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சித்தர்கள் சொன்ன மஞ்சள் வைத்தியம்' என்று மாத்திரை விற்கிறார்கள். காய்ச்சலுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் கொடுத்த நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளிலும் மஞ்சள் கிடையாது, கபசுரக் குடிநீரின் பதினைந்திலும் கிடையாது. சுக்கு இரண்டிலும் உண்டு. மஞ்சளுக்குச் சித்த மருத்துவத்தில் மரியாதையான இடம் இருக்கிறது, ஆனால் அது வைரஸ் காய்ச்சல் மாத்திரை விற்பவர் சொல்லும் இடம் அல்ல.

வகை ஒன்று: மஞ்சள் தூளும் பால் மிக்ஸும்

2020-இல் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன அளவு: 150 மில்லி சூடான பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. அரை டீஸ்பூன் என்பது சுமார் ஒன்றரை கிராம். மூன்று விழுக்காடு குர்குமினாய்டு என்று வைத்தால் 45 மில்லிகிராம். வைரஸ் கணக்குக்கு இது எங்கோ கீழே. ஆனால் காய்ச்சல்காரருக்கு வேண்டிய சூடான நீராகாரம், தொண்டைக்கு இதம், கொஞ்சம் சக்தி எல்லாம் இதில் உண்டு. அந்த அளவில் இது நல்ல பண்டம்.

ரெடிமேட் மிக்ஸ் வாங்கும்போது சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் சர்க்கரை என்றால் நீங்கள் வாங்குவது மஞ்சள் சேர்த்த சர்க்கரை. வீட்டில் செய்வது எளிது. கால் டீஸ்பூன் நெய்யைச் சிறு தீயில் உருக்கி, அரை டீஸ்பூன் மஞ்சளை அதில் அரை நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போனதும் 150 மில்லி பாலும் தட்டிய மிளகு நான்கும் சேர்த்து, கொதி வந்தபின் மூன்று நான்கு நிமிடம் சிறு தீயில் விடுங்கள். நெய்யில் மஞ்சள் பழுப்பு நிறத்துக்குப் போனால் கசந்துவிடும், திரும்பச் செய்ய வேண்டியதுதான். வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரியும், இறக்கி ஆறவைத்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் பனங்கற்கண்டு. கொழுப்பில்தான் குர்குமின் கரையும் என்பதால் நெய்யும் பாலாடையும் இங்கே ருசிக்கு மட்டும் இல்லை.

சமையலைப் பற்றி மைசூரு உணவு ஆராய்ச்சி நிறுவனம் பார்த்த ஒரு கணக்கு சுவையானது. மஞ்சளைச் சூடாக்கும்போது குர்குமினில் 27 முதல் 53 விழுக்காடு வரை போய்விடுகிறது, பிரஷர் குக்கரில்தான் இழப்பு மிக அதிகம். புளி சேர்ந்திருந்தால் இழப்பு 12 முதல் 30-க்குள் நிற்கிறது. ஆரத்தியின் சுண்ணாம்பு செய்வதற்கு நேர் எதிரானதைப் புளியின் அமிலம் செய்கிறது. பருப்பு வேகும்போதே மஞ்சளைக் குக்கரில் போடுவதைவிட, ரசம் கொதிக்கையில் போடுவது லாபம்.

வகை இரண்டு: 95% சாறும் மிளகுச் சத்தும்

மிக அதிகமாக விற்பது இதுதான். மஞ்சளைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்த சாறு 500 மி.கி., பைப்பரின் 5 மி.கி. '95%' என்றால் மூன்று குர்குமினாய்டுகளும் சேர்ந்து 475 மி.கி. அதில் குர்குமின் மட்டும் நான்கில் மூன்று பங்கு.

இந்த வகையைக் காய்ச்சலுக்குப் பரிந்துரைக்கவே முடியாது. பைப்பரின் செய்யும் வேலை என்னவென்று புரிந்தால் காரணம் விளங்கும். உடம்பு அந்நியப் பொருளை அப்புறப்படுத்தும் நொதிகளை அது மட்டுப்படுத்துகிறது. குர்குமின் கொஞ்சம் கூடுதலாக உள்ளே நிற்பது அதனால்தான். ஆனால் அந்த நொதிகள் குர்குமினுக்கு மட்டும் வேலை பார்ப்பவை அல்ல. வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் எல்லாமே பைப்பரினால் இரத்தத்தில் கூடுகின்றன என்று மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். ரசத்தில் போடும் மிளகு பற்றிய பேச்சு இல்லை இது, தினமும் மாத்திரையாகப் போகும் செறிவூட்டிய சத்தைப் பற்றியது.

அளவும் மீறுகிறது. உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு நிபுணர் குழு குர்குமினுக்கு வைத்த தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 180. ஒரே மாத்திரை அதைப்போல இரண்டரை மடங்கு, டப்பாவில் எழுதியிருப்பதோ 'தினம் இரண்டு'. சில வாரங்கள் எடுத்தால் எல்லோருக்கும் கெடுதல் வரும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் 'மஞ்சள்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்ற பேச்சு தவறு.

கல்லீரல் விஷயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. இத்தாலியில் 2018-19-இல் மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களிடம் கல்லீரல் அழற்சி வரிசையாகப் பதிவானது. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஆய்வில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த பத்துப் பேரை விவரித்தார்கள், ஒருவர் இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ-பி*35:01 என்ற ஒரே மரபுக் குறி இருந்தது. அந்தக் குறி தனக்கு உண்டா என்று நம்மில் யாருக்கும் தெரியாது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் எச்சரிக்கை விட்டது. உறிஞ்சலைக் கூட்டிய வகைகளில் கவனம் கூடுதலாக வேண்டும்.

வகை மூன்று: எண்ணெய், லெசித்தின், வெந்தயம், மைசெல்

தயாரிப்பு அறிவு இருக்கும் வகை இது. மெரிவா என்ற தயாரிப்பில் குர்குமினை லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு பிணைத்திருக்கிறார்கள், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் குர்குமினாய்டு. கேரளத்தில் தயாராகும் பிசிஎம்-95-இல் மஞ்சளின் சொந்த எண்ணெயையே திரும்பச் சேர்க்கிறார்கள். கர்க்யூஃபெனில் வெந்தய நார், நோவாசோலில் நுண்ணிய மைசெல் குமிழ்கள். பைப்பரின் இல்லாமலே உறிஞ்சலைக் கூட்டுவதால் மற்ற மருந்துகளோடு மோதுவது குறையும் என்பது இவற்றின் நல்ல பக்கம்.

ஆனால் '185 மடங்கு', '46 மடங்கு' என்று டப்பாவில் வரும் எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. இரத்தத்தை நொதி போட்டுச் சிதைத்துவிட்டு அளப்பது இந்தத் துறையில் வழக்கம். அப்படி அளந்தால் கல்லீரல் ஏற்கெனவே கோத்து முடக்கிப்போட்ட குர்குமினும் கணக்கில் சேர்ந்துவிடும். சோதனைத் தட்டில் வைரஸைத் தடுத்தது கட்டில்லாத குர்குமின். இரத்தத்தில் பெரும்பகுதி கட்டுண்ட குர்குமின். 'கட்டில்லாத குர்குமின் எவ்வளவு?' என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் மதிக்கலாம்.

வகை நான்கு: தொண்டை ஸ்ப்ரே, 'நானோ' துளிகள்

கொள்கையளவில் இதுதான் சரியான திசை, பொருளளவில் இதுதான் நான்கில் மிக பலவீனம். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத புட்டியை வாங்காதீர்கள். தொண்டையில் அடித்த திரவம் எச்சிலோடு சில நிமிடங்களில் இறங்கிவிடும், தங்கவைக்கும் பசை சேர்க்காத வரையில் பலன் எதிர்பார்க்க முடியாது. கண்ணாடி நிறம் பழுப்பாக இல்லாவிட்டால் வெளிச்சத்திலேயே குர்குமின் வெளிறிப்போகும்.

டப்பாவைக் கையில் எடுத்தால்

முதலில் பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள். அதில் அளந்த முறை எச்.பி.எல்.சி. (கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை) என்று இருக்க வேண்டும். வெறும் நிற அளவீட்டில் மஞ்சளாக எது இருந்தாலும் குர்குமினாகக் கணக்கு ஏறும். எச்.பி.எல்.சி.யில் மூன்று குர்குமினாய்டுகளும் தனித்தனி முகடாகத் தெரியும். மஞ்சளிலிருந்து வந்த சாறு என்றால் மூன்றும் இருக்கும். ஒரே ஒரு முகடு மட்டும் ஓங்கி நின்றால், அது ஆலையில் செயற்கையாகச் செய்த குர்குமினாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈயம், கரைப்பான் மிச்சம் இரண்டுக்கும் எண் இருக்க வேண்டும், 'வரம்புக்குள்' என்ற சொல் போதாது.

விலையை மாத்திரைக்கு அல்ல, குர்குமினாய்டு மில்லிகிராமுக்குப் போட்டுப் பாருங்கள். 600 ரூபாய்க்கு 60 மாத்திரை, ஒவ்வொன்றிலும் '500 மி.கி. மஞ்சள்' என்றால் அது சாறு அல்ல, வெறும் தூள். உள்ளே குர்குமினாய்டு சுமார் 15 மில்லிகிராம்தான் இருக்கும். அதே பத்து ரூபாய்க்கு ஒருவர் 475 மி.கி. தருகிறார். 'டர்மரிக் பவுடர்', 'டர்மரிக் எக்ஸ்ட்ராக்ட்' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே முப்பது மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கேப்சூலைப் பிரித்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் சிட்டிகை போடுங்கள். மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நல்ல சாறு ஆரஞ்சுத் தூசியாக மிதக்கும், தண்ணீர் அவ்வளவாக நிறம் மாறாது. ஊற்றியதுமே தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானால் நீரில் கரையும் சாயத்தைச் சந்தேகிக்கலாம் (மைசெல் வகைக்கு இது பொருந்தாது, அது கரையத்தான் செய்யும்). பிறகு ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்து, காய்ந்ததும் சலவை சோடா கரைசலைத் தடவுங்கள். செங்கல் சிவப்பாக மாற வேண்டும். அதன் மேல் வினிகர் தடவினால் மஞ்சள் திரும்பும். இந்தச் சோதனையில் செயற்கைக் குர்குமினும் தேறிவிடும், ஈயம் பிடிபடாது. அவற்றுக்கு ஆய்வகம்தான்.

சமையல் மஞ்சளில் ஈயம் வருவது, கிழங்கைப் பளபளப்பாக்க லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைப் பூசுவதால். வங்கதேசத்தில் இது பெரிய சிக்கலாகி, 2019-இல் ஆய்வு வெளியானபின் அரசு கடுமையாக இறங்கி இரண்டே ஆண்டில் சந்தையிலிருந்து ஏறக்குறைய ஒழித்துவிட்டது. நம் நாட்டில் மஞ்சளுக்கு ஈயத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. தூளாக வாங்குவதைவிட விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பது பாதுகாப்பு. விரலியை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். லேசாகப் பிடிப்பது இயல்பு, எலுமிச்சை மஞ்சளாகப் பிரகாசமாக ஒட்டினால் அந்தக் கடையை விட்டு நகருங்கள். உடைத்தால் 'டக்' என்று ஓசை வர வேண்டும், வளைந்தால் சரியாகக் காயவில்லை, பூஞ்சை பிடிக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் அன்றாடச் சமையலுக்கு நன்றாகப் போதும். குர்குமின் அளவே முக்கியம் என்பவர்களுக்கு மேகாலயாவின் லாகடாங் உண்டு, 7 விழுக்காட்டையும் தாண்டும். கஸ்தூரி மஞ்சள் பூசுவதற்கு, மரமஞ்சள் வேறு செடி. இரண்டையும் பாலில் போடாதீர்கள்.

யார் மாத்திரையைத் தொடவே கூடாது

டெங்கு என்று சந்தேகம் இருந்தால் மாத்திரை வேண்டாம். இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குர்குமின் ஆய்வகத்தில் தடுக்கிறது, தட்டணு குறையும் நோயில் அந்த விஷப்பரீட்சை எதற்கு? இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்களும் அப்படியே. நியூசிலாந்தில் வார்ஃபரினோடு மஞ்சள் மாத்திரை எடுத்த ஒருவருக்கு இரத்த உறைவுக் குறியீடு 10-ஐத் தாண்டியது பதிவாகியிருக்கிறது. 2 அல்லது 3-இல் நிற்க வேண்டிய எண் அது. பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு 20 மில்லிகிராம் குர்குமினே பித்தப்பையைச் சுருங்கவைக்கும், கல் நகர்ந்து குழாயில் சிக்கினால் அவசர அறுவை. சிறுநீரகக் கல்காரர்கள் மஞ்சளில் ஆக்சலேட் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அந்த இரும்பு சரியாகச் சேராமல் போகலாம். கர்ப்பிணிகள் சாப்பாட்டு மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளட்டும். அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், நிறுத்தியதை மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கட்டங்காப்பி நிறம், கண்ணில் மஞ்சள், சாப்பாட்டில் வெறுப்பு, உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே கனம் – இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்தி, கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். கண் மஞ்சளானது மஞ்சள் சாப்பிட்டதால்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குர்குமின் கண்ணில் ஏறாது. மருத்துவர் 'என்ன மருந்து எடுக்கிறீர்கள்?' என்று கேட்கும்போது பலரும் இந்த மாத்திரையைச் சொல்வதே இல்லை, அது மருந்துக் கணக்கில் வராது என்று நினைத்துவிடுகிறார்கள். டப்பாவையே கையோடு எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.